பகலில் தொங்கிய தக்காளிச் செடிகள்

இதை எழுத நான் யார் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எட்டாம் வகுப்பு வரை மலையிலேயே விடுதியில் தங்கிப் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சில கடிதங்களும் ரேஷன் கார்டு மனுவும்தான். தக்காளியைப் பற்றிச் சொல்வதற்கு அதைப் படித்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் என்னால் வாய் திறந்து பேச முடியாது. அதனால் இந்த விஷயத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் பாதி பாதியாகவே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. தவறு இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசி வருஷங்களில் ஒன்று அது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். முப்பது வீடுகள் இருக்கும். சாமையும் கேவுரு என்கிற கேழ்வரகும்தான் பயிர், புளிக்காலத்தில் புளி. அந்த வருஷம் ஆவணியில் நின்ற மழை திரும்ப வரவில்லை. சாமை பாதிக்கு மேல் பதராகிவிட்டது.

மலையில் மழை பொய்த்தால் மேஸ்திரி வருவார். செங்கம் பக்கத்து ஆள். குடகில் இருக்கும் காபித் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது அவர் வேலை. ஒரு நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு போவார், சொன்ன நாளில் லாரியோடு வருவார். முந்தின வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் அந்த லாரியில் போயிருந்தோம். அங்கே அட்டை கடித்தது, குளிரில் காய்ச்சல் வந்தது. அதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். நாங்கள் அங்கே இருந்தபோது என் அம்மா இறந்துபோனாள். எங்களுக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது புதைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. திரும்பி வந்து நான் பார்த்தது மண்மேட்டைத்தான். அதன்மேல் அதற்குள் புல் முளைத்திருந்தது. இனி அந்த லாரியில் ஏறுவதில்லை என்று அங்கே நின்றபோதே தீர்மானம் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லை.

ஏறாமல் இருக்க வேண்டுமானால் சோற்றுக்கு ஒரு வழி வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு அம்மாவோடு கண்ணமங்கலம் பக்கம் தக்காளி பறிக்கக் கூலிக்குப் போயிருக்கிறேன். அங்கே ஒரு தோட்டத்தில் பழுத்து உடைந்த பழத்தின் விதையை அம்மா சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து வைத்திருந்தாள். அவள் போன பிறகு அந்த முடிச்சு எனக்கு வந்தது. ஊருக்குக் கீழே உள்ள ஊற்றை ஒட்டி எங்கள் பங்குக்கு ஒரு துண்டுக் கொல்லை இருந்தது. மார்கழியில் நாற்று விட்டேன்.

என் வீட்டுக்காரர் நாற்றைக் குனிந்து பார்த்தார்.

"இன்னாமே, தக்காளியா? நம்ம மலையில யாரு போட்டாங்க?"

"யாரும் போடல."

"அப்ப நாமதான் மொதல்ல ஏமாறப் போறோமா." சிரித்தார். பிறகு யோசித்துச் சொன்னார். "சரி. செடி நின்னா நாமளும் இங்கியே நிப்போம். செடி போச்சுன்னா சித்திரையில லாரி. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

தையில் முந்நூறு நாற்று நட்டேன். நட்டதும் முதல் தவறைச் செய்தேன். எங்கள் மலையில் கேவுரு நாற்றை நட்டால் உடனே தண்ணீர் காட்ட மாட்டோம். நாலைந்து நாள் வாட விடுவோம். இலையெல்லாம் மஞ்சளாகி, இது பிழைக்காது என்று தோன்றும்போது ஈரம் காட்டினால் புதுக் குருத்து கிளம்பும். வாடி எழுந்த நாற்றுதான் நிற்கும் என்பது எங்களுக்கு எழுதாத சட்டம். கேவுருக்குச் செய்வதைத் தக்காளிக்கும் செய்தேன். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் நூறு நாற்றுக்கு மேல் தீய்ந்து கம்பியாகக் கிடந்தது. சமவெளியில் தக்காளி போடும் கீழ்நாட்டுக்காரன் எவனும் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டான். மிச்சம் இருந்தவற்றுக்கு அன்றைக்கே குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். மூன்றாம் நாள் தலை நிமிர்ந்தன.

மாசியில் பூ வந்தது. அதே சமயம் ஊற்றும் சுருங்க ஆரம்பித்தது. குழியில் குடத்தை முக்கி எடுத்தது போய், சொம்பால் மொள்ள வேண்டியதாயிற்று. பிறகு ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. பங்குனி பிறந்ததும் ஊர்க்கவுண்டர் எல்லோரையும் கூட்டி ஒரு கட்டுப்பாடு போட்டார்.

"ஊத்துத் தண்ணி குடிக்க, ஆக்க. அப்புறம் மாட்டுக்கு. செடி கொடிக்கு ஒரு சொட்டு போவக் கூடாது. யாரா இருந்தாலும் சரி."

யாராக இருந்தாலும் என்று சொன்னாலும் ஊரில் செடி வைத்திருந்தது நான் ஒருத்திதான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கட்டுப்பாட்டில் தப்பு ஒன்றும் இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீடுகள் இருந்தன. அதை மீறவேண்டும் என்று ஒருநாளும் நான் நினைக்கவில்லை. ஆக்கிய பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரைப் பற்றிக் கவுண்டர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் தண்ணீர் தரையில் விழவில்லை. கை கழுவுவது, வாய் கொப்பளிப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் ஓர் அலுமினியக் குண்டானுக்கு மேல்தான். அப்படியும் ஒரு நாளைக்கு ஒன்றரைக் குடம் தேறுவதே அரிது. செடிகளோ இருநூறுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தன. வரிசை பிரித்து, ஒரு செடிக்கு நாலு நாளைக்கு ஒருமுறை அரைச் சொம்பு என்று வைத்தேன். மேலே ஊற்றினால் வெயில் குடித்துவிடுகிறது. கடப்பாரையால் செடிக்கு ஒரு சாண் தள்ளி முழங்கை ஆழத்துக்குத் துளை போட்டு, அதற்குள் ஊற்றி, வாயில் ஒரு கல்லை வைத்து மூடினேன். வைக்கோலை மாடு தின்ன வேண்டும், அதனால் சாமை குத்திய உமியை வாங்கிவந்து செடியைச் சுற்றிப் பரப்பினேன்.

என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, பக்கத்து வீடு. வாய் சும்மா இருக்காது. நான் குண்டானைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் வாசலில் நின்று ஏதாவது சொல்வாள்.

"இன்னா தங்கச்சி, புள்ளைங்களுக்குப் பாலு ஊத்தப் போறியா?"

"ஆமாக்கா."

"எச்சித் தண்ணி ஊத்தினா தக்காளி எச்சியாத்தான் காய்க்கும். சந்தையில விக்கும்போது சொல்லித்தான் விக்கணும், ஆமா."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கு முகம் சுடும். நடையை மட்டும் நிறுத்த மாட்டேன்.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. என் வீட்டுக்காரர் விடியும் முன் மாட்டை ஓட்டிக்கொண்டு மேல்காட்டுக்குப் போய்விடுவார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட உச்சிவேளைக்கு ஊற்றுக்கு வருவார். அப்போதுதான் என் கொல்லையைப் பார்ப்பார். உச்சிவேளையில் தக்காளிச் செடியைப் பார்த்தால் யாரும் கைவிட்டுவிடுவார்கள். இலைகள் ஓரம் மேலே சுருண்டு குழல்போல ஆகி, கிளையெல்லாம் கீழே தொங்கி, செத்த கோழியைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கும். எனக்கும் முதலில் பயம்தான். ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டு அழுகை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், செத்ததைப் பிடுங்கிவிடலாம் என்று போனேன். எல்லாம் நிமிர்ந்து நின்றன.

அதற்குப் பிறகு தினமும் விடியலில் போனேன். பார்க்கப் பார்க்க ஒரு கணக்குப் பிடிபட்டது. பகலில் தொங்குவது செடி தன்னைக் காத்துக்கொள்வது. வெயிலுக்கு முகம் காட்டாமல் இலையை மடக்கிக்கொள்கிறது, ராத்திரியில் வேர் இழுத்துக் கொடுத்ததை வைத்துக் காலையில் எழுந்துவிடுகிறது. விடியலிலும் தொங்கினால்தான் ஆபத்து. அப்படி விடியலில் தொங்கியவற்றுக்கு முறையைப் பார்க்காமல் முதலில் தண்ணீர் ஊற்றினேன். சில எழுந்தன. பதினாறு எழவில்லை. பிழைத்தவை புதிதாக விட்ட இலைகள் சின்னதாகவும் தடித்தும் மயிரடர்ந்தும் இருந்தன. தொட்டால் கீழ்நாட்டுத் தக்காளி இலை மாதிரியே இல்லை.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"காலையில நல்லா நிக்குதுங்க."

"நான் பகல்ல பார்த்தேனே. சுருண்டு கெடக்குது."

"அது பகல்லங்க."

"ஏன், செத்தவன் காலையில எழுந்து ஒக்காந்து உச்சியில மறுபடி செத்துப் போவானா?"

அந்த வாரமே மேஸ்திரி வந்தார். என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரின் பெயரையும் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பார்த்த செடி செத்துத்தான் இருந்தது.

பங்குனிக் கடைசியில் செடிகள் தாமாகவே பூவை உதிர்க்க ஆரம்பித்தன. காலையில் உமிமேல் மஞ்சள் மஞ்சளாகக் கிடக்கும். பூவைத் தாங்கும் சத்து இல்லை, உயிர் இருந்தால் போதும் என்று செடியே முடிவு செய்கிறது என்று எனக்குப் பட்டது. அப்படியானால் சுண்டைக்காய் அளவுக்குப் பிடித்திருந்த காய்களை மட்டும் எதற்குச் சுமக்கிறது? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வரிசை வரிசையாக உட்கார்ந்து காயைக் கிள்ளினேன். ஏற்கெனவே பெரிதாகிவிட்டவற்றை மட்டும் விட்டேன். கிள்ளிய காய் மடி நிறைய இருந்தது. ஒவ்வொன்றையும் கிள்ளும்போது என் கையை யாரோ கிள்ளுவது போலத்தான் இருந்தது.

ஓரகத்தி ஊற்றுக்கு வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேகமாக வந்தாள்.

"அடிப்பாவி, இன்னாடி பண்றே? காய்ச்சதக் கிள்ளிப் போடறியே, உனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"செடி பொழைக்கணும்க்கா."

"செடிய வெச்சிக்கினு இன்னா பண்ணுவே, தலையில சூடிக்குவியா?" என் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு செடியைப் பிடித்தாள். "தோ பாரு, செத்தது. இதுக்கு ஒரு காவல்." இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். தண்டு தரைக்கு நாலு விரல் மேலே ஒடிந்து, அவள் பின்னால் சாய்ந்து உமிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

கையிலிருந்த தண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாடி இது, பனமரமா?"

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். துளை போட நான் வைத்திருந்த கடப்பாரையை எடுத்துப் பக்கத்தில் முன்பே செத்துப் போயிருந்த ஒரு செடியின் அடியைத் தோண்டினாள். வேர் போய்க்கொண்டே இருந்தது. அவள் கை முழங்கைக்கு மேல் உள்ளே போயும் முடியவில்லை. அந்த ஆழத்தில் மண் குளிர்ந்திருந்தது. நட்டவுடன் நான் வாட விட்டேனே, அந்த நாலைந்து நாளில் பிழைத்த நாற்றுகள் ஈரம் தேடிக் கீழேயே இறங்கியிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. அதனால் நான் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். நூறு செடியைக் கொன்றுவிட்டுக் கற்றுக்கொண்டது அது.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு தவலை இருந்தது. நிறையக் கலங்கல் தண்ணீர். ஓரகத்தி அவள் வீட்டுக்குள்ளிருந்தே சத்தம் போட்டாள்.

"என் வூட்டுல எல்லாரும் கை கழுவினது. என் எச்சியும் கீது அதுல. காய்ச்சா எனுக்குப் பங்கு."

அதன் பிறகு நாலு நாள் முறை மூன்று நாள் முறையானது.

சித்திரை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் காற்றும் ஆலங்கட்டியுமாக மழை அடித்தது. ஒரு மணி நேரம் இருக்கும். ஊரே வெளியே நின்று நனைந்தது. ஆனால் மறுநாள் காலை கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கிள்ளாமல் விட்ட காயெல்லாம் வெடித்திருந்தது. காம்பைச் சுற்றிக் கத்தியால் கீறிய மாதிரி. காய்ந்து காய்ந்து தோல் இறுகிப்போயிருந்த காய், திடீரென்று உள்ளே வந்த தண்ணீரைத் தாங்கவில்லை. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தன. காய்ச்சலில் கிடந்தபோது இருந்ததைவிட எழுந்த பிறகு ஆள் மோசமாகத் தெரிவானே, அப்படி இருந்தது.

உச்சிவேளைக்கு வந்த என் வீட்டுக்காரர் வெடித்த காய் ஒன்றைக் கையில் எடுத்து இரண்டாகப் பிட்டுப் பார்த்தார். மாட்டுக்குப் போட்டார். லாரி வர ஆறு நாள் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கித் துடைத்துவைத்தார்.

நான் விடியலில் போவதை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் கடுகளவு பச்சை தெரிந்தது. ஐந்தாம் நாள், லாரிக்கு முந்தின நாள், அது இரண்டு இலையாக விரிந்திருந்தது. ஒரு செடியில் இல்லை, எல்லாவற்றிலும். ஓரகத்தி ஒடித்த கட்டையைத் தேடிப் போனேன். நாலு விரல் கட்டை. அதன் இரண்டு பக்கத்திலும் இரண்டு குருத்து.

நேராக வீட்டுக்கு ஓடினேன். அவர் இன்னும் கிளம்பாமல் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை அப்படிச் செய்ததில்லை.

"மாடு அப்புறம் போவட்டுங்க. ஒருதரம் வாங்க."

"இன்னா இந்நேரத்துல?"

"இந்நேரத்துலதான் பாக்கணும்."

வந்தார். அப்போதுதான் வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. செடிகள் நிமிர்ந்து நின்றன. அவர் வரப்பில் நின்று பார்த்தார், பிறகு இறங்கி முதல் வரிசையில் குந்தினார். ஒவ்வொரு செடியாக இடுக்கை விலக்கிப் பார்த்துக்கொண்டே கடைசி வரிசை வரை போனார். ஒடிந்த கட்டையிடம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"காயெல்லாம் போச்சே."

"காய் போச்சு. செடி கீது."

"இது பூ வெச்சி, காய் வெச்சி, எவ்ளோ நாளாவும்?"

"ஒண்ணர மாசம்."

"அதுவரைக்கும்?"

"கேவுரு கொஞ்சம் கீது. புளிக்குக் கொட்ட எடுக்கக் கூப்பிடறாங்க. நான் போறேன்."

"மறுபடி காஞ்சா?"

"மறுபடி துளையில ஊத்துவேன். இப்ப எனுக்கு எப்ப ஊத்தணும்னு தெரியும்."

அவர் கை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இன்னிக்கி மேஸ்திரி ஆள் சரிபார்க்க வர்றாரு. நான் வார்த்த குடுத்துட்டேன். மாத்திப் பேச எனுக்கு வாய் வராது. பார்த்தது நீ, நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

சரி என்றேன்.

பத்து மணி வாக்கில் மேஸ்திரி புளியமரத்தடியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். போகிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று பாதி ஊர் அங்கே இருந்தது. அவர் ஒவ்வொரு வீடாகப் பெயர் படித்து வந்தார். எங்கள் முறை வந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அம்மாவின் மண்மேட்டில் முளைத்திருந்த புல்லை நினைத்துக்கொண்டேன்.

"எங்க பேர அடிச்சிடுங்க," என்றேன்.

"இன்னாம்மா? காதுல உழல."

"நாங்க வரலைங்க. ரெண்டு பேரையும் அடிச்சிடுங்க."

"வரலியா? இங்க இருந்து இன்னா பண்ணப் போறீங்க?"

"தக்காளி கீது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "நேத்து இந்த வழியாப் பக்கத்து ஊருக்குப் போவும்போது பார்த்தேன்மா. ஊத்தாண்ட கீதே, அதுவா? செத்தது மாதிரி கெடந்துச்சே."

"எத்தன மணிக்குப் பார்த்தீங்க?"

"உச்சி இருக்கும்."

"நாளைக்கி லாரி வர்றப்போ பாருங்க. காலையில."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "இன்னாப்பா, நீ இன்னா சொல்றே?"

"அவ சொல்லிட்டா."

ஓரகத்தி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "அடிச்சிடு மேஸ்திரி. அந்தச் செடியப் புடுங்க என்னாலியே முடியல, உன்னால முடியுமா?"

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் போனது. மேஸ்திரி பென்சிலால் இரண்டு கோடு போட்டார்.

மறுநாள் லாரி ஏழு மணிக்கு வந்தது. பதினொரு பேர் ஏறினார்கள். என் வீட்டுக்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார், நான் செடிகளுக்கு மண் அணைத்தேன்.